மூழ்கிய பூஜ்ஜியம்

என் மேசை இழுப்பறையில், கைக்குட்டையில் சுற்றிய ஒரு கண்ணாடி மானி இருக்கிறது. உப்புத்தண்ணீரில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைப் பார்க்கும் மானி. கல்லூரியில் அறிவியல் தத்துவம் நடத்தும் நான், ஆண்டுக்கொருமுறை அதை வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். கணிப்பு பொய்த்தவுடன் கோட்பாடு தவறு என்று சொல்லிவிட முடியாது. கருவி, வானிலை, பார்த்த ஆள் என்று எதன்மேல் வேண்டுமானாலும் பழியைப் போடலாம் என்பது பாடம். நான் யார்மேல் போட்டேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

வேதியியல் முடித்த கையோடு மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பாத்திகளுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பது மேஸ்திரியம்மாவின் பொறுப்பு. தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய உப்பு ஏடு படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். படிந்திருந்தால் மடையைத் திறப்பார். அந்தக் கோடையில் அவர் திறந்த தண்ணீரெல்லாம் என் மானியில், வேண்டிய அடர்த்திக்கு நாலு டிகிரி குறைவாகவே காட்டியது. பக்குவம் வராத தண்ணீரை விடுகிறார் என்றேன். உப்போ நன்றாக விளைந்தது. வெயில் அதிகம், அதனால் என்றேன். மேகம் மூடிய வாரத்திலும் விளைந்தது. காற்று என்றேன். என்னிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்:

"அந்தக் கண்ணாடிய ஒருவாட்டி நல்ல தண்ணில போட்டுப் பாருங்க சார். தெரிஞ்சிடும்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் அவசரப்பட்டு மடை திறக்கிறார் என்று அன்றே முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன். அவரை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்து, உப்புச் சுமக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் சுமந்தார். மூன்றாம் நாள் வரவில்லை.

அடுத்த வாரம், கழுவுவதற்காக மானியை ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டேன். நீர்மட்டத்தில் நிற்க வேண்டிய பூஜ்ஜியம் உள்ளே மூழ்கிக் கிடந்தது. குழாய்க்குள் ஒட்டியிருந்த அளவுத்தாள் கீழே நழுவி, எல்லாத் தண்ணீரையும் நாலு டிகிரி குறைத்தே காட்டியிருக்கிறது. புது மானி கேட்டு வாங்கினேன். எழுதிக் கொடுத்ததை மாற்ற வெட்கமாக இருந்தது, மாற்றவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

சில வருடம் கழித்து ஆரோவில் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். அங்கே ஒரு வீட்டில் பெருக்கித் துடைக்கும் வேலை என்றார். பேருந்து வந்ததும் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"நல்ல தண்ணில போட்டுப் பாத்தீங்களா சார்?"

"இல்லக்கா. அது அப்பவே ஒடஞ்சிப்போச்சு."

கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ நான்தான் தப்பா பாத்துட்டனோ என்னமோ," என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

இன்று காலையும் வகுப்பில், ஜாடித் தண்ணீரில் மானியை விட்டேன். பூஜ்ஜியம் மூழ்கியது. யார் சார் தப்பு என்று ஒரு மாணவி கேட்டாள். தாள் நழுவியிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரத்தைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றினேன்.