நாலாம் விளக்கு

சத்தியமாக நடந்தது இது. கதை விடுகிறேன் என்று நினைத்தால் என் அத்தானைக் கேட்டுப் பாருங்கள். அவர் வாயைத் திறக்க மாட்டார். அதனால்தான் நான் சொல்கிறேன்.

அத்தானுக்கு, அதாவது என் அக்கா புருஷனுக்கு, ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் நெட்வொர்க் வேலை. அங்கே கதவு, மோட்டார், மணி எல்லாவற்றுக்கும் உத்தரவு போவது ஒரே ஒரு ஸ்விட்ச் பெட்டி வழியாகத்தான். அந்தப் பெட்டியில் ஒரு ஓட்டை. தகவல் மேல் தகவல் வந்து குவிந்தால் திணறிப்போய் அப்படியே நின்றுவிடும். அதைச் செய்த கம்பெனி திருத்தம் அனுப்பி ரொம்ப நாளாகிறது. போடுவதற்கு அரை மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்ப்பா" என்பார் மேனேஜர். அதுவரை வைத்தியம் ஒன்றுதான். கரண்ட் வயரைப் பிடுங்கு, மறுபடி சொருகு.

அன்று பட்டப்பகல். சரக்கு எடுக்க நாலாம் அறைக்குள் போன அத்தானின் சொந்தத் தம்பி உள்ளே மாட்டிக்கொண்டான். ஸ்விட்ச் நின்றுபோனதால் கதவு திறக்கவில்லை. உள்கைப்பிடியும் பனியில் இறுகிவிட்டது. இரண்டு பேர் வெளியே கடப்பாரையோடு மல்லுக்கட்டினார்கள். அத்தான் ஸ்விட்ச் அறைக்கு ஓடினார்.

பிடுங்கினார். சொருகினார். பெட்டியில் வயருக்கு ஒன்றாக இருக்கும் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அப்பாடா...

நாலாம் விளக்கு மட்டும் படபடவென்று துடித்தது. மற்றதெல்லாம் மறுபடி நின்றது.

அந்த வயரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். 'நாலாம் அறை பட்டன்.' உள்ளே மாட்டிக்கொண்டவர் அமுக்குவதற்கான அவசர பட்டன் அது. தம்பி பயத்தில் விடாமல் அமுக்குகிறான், அதில்தான் பெட்டி திணறுகிறது.

"கையை எடுடா பாவி! உன் கதவை நீயே அடைக்கிறியேடா!"

யாருக்குக் கேட்கும்? அந்த வயரையே உருவினார்.

விளக்கு நிற்கவில்லை.

வயர் கையில் தொங்குகிறது... விளக்கு துடிக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து சத்தம். டக் டக் டக் டக்...

அத்தான் அழுதேவிட்டார்.

"ஐயா, யாரா இருந்தாலும் சரி... அவன் என் தம்பி. கொஞ்சம் கையை எடுங்க. கதவைத் திறந்துட்டா நீங்களும் வந்துடலாம்!"

நின்றது.

திறப்பதற்கு உத்தரவு கொடுத்துவிட்டு ஓடினார். தம்பி உதடெல்லாம் நீலம் பாரித்து வெளியே வந்து விழுந்தான். குளிர் வீணாகக் கூடாதே என்று, பழக்க தோஷம், அத்தான் சட்டென்று கதவைச் சாத்தினார்.

"ஏண்டா அப்படி அமுக்கினே?"

"நான் எங்கண்ணே அமுக்கினேன்? உள்ளே இருந்த அந்தப் பெரியவரு என்னைப் பட்டன் கிட்டவே விடல. எனக்குப் பின்னாடிதான் வந்தாரு... நீ ஏண்ணே சாத்தினே?"

கடப்பாரை பிடித்திருந்தவர்களில் பழைய ஆள் ஒருவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் சொன்னார். அத்தான் வேலைக்குச் சேரும் முன்பு அதே அறையில் ஒரு சுமைக்காரர் மாட்டிக்கொண்டாராம். அன்றும் ஸ்விட்ச் நின்றிருந்தது. வழக்கமான கோளாறுதானே என்று, டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வயரைப் பிடுங்கப் போனார்களாம். ஆள் பட்டனில் கை வைத்தபடியே செத்துக் கிடந்தார். அன்றைக்கே அந்தப் பட்டனைக் கழற்றிவிட்டார்கள். வயரின் மறுமுனை வெட்டித்தான் கிடக்கிறது.

அத்தான் ஸ்விட்ச் அறைக்குத் திரும்பி வந்தார்.

கதவைத்தான் சாத்தியாகிவிட்டதே...

நாலாம் விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.