தாழ்ப்பாள் இல்லாத கேபின்

டிரங்க் கால் கவுண்டரில் உட்கார்ந்தால் வாய்க்கும் காதுக்கும்தான் சம்பளம். மூக்குக்கு நேரே வந்து நிற்கும் முகங்களைச் சகித்துக்கொள்வதற்குத் தனியாக ஒன்றும் தரமாட்டார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்தியவர்களே, முன்பின் தெரியாத ஒருவரின் முழங்கையை விலாவில் சுமந்தபடி பஸ்ஸில் ஆபீஸ் போனவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு தந்தி ஆபீஸில் வேலை பார்த்தேன். ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஹாலின் ஒரு பக்கம் தந்தி கவுண்டர், இன்னொரு பக்கம் நான், எதிரே மரத்தால் செய்த ஒரே ஒரு டெலிபோன் கேபின். கால் பதிந்தவர்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். வெளியூர் லைன் கிடைத்ததும் எக்ஸ்சேஞ்சிலிருந்து முதலில் என் மேஜை போனுக்கு மணி வரும். நான் ஊரையும் பேரையும் ஹால் முழுக்கக் கேட்கும்படி கூவிவிட்டு, பக்கத்திலிருக்கும் குமிழைத் திருப்பினால் பேச்சு கேபினுக்குப் போய்விடும்.

கேபினுக்குக் கதவு உண்டு. தாழ்ப்பாள் இல்லை. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். மரவேலை வேறு இலாகாவாம். அதற்கு மேல் பேச எனக்குத் தைரியமில்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், தம்பிகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், வீட்டில் வரும்படி என்றால் என்னுடையது மட்டும்தான். அந்த வேலையும் டெம்பரவரி.

உள்ளே வந்த கை

சிக்பேட்டை ஜவுளிக்காரர் ஒருவர் பம்பாய்க்குக் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். பெஞ்சில் இடம் இருந்தது. அவருக்கோ என் ஜன்னல்தான் வசதி. முதலில் விரல்கள் வந்தன, பிறகு மணிக்கட்டு, பிறகு தோள் வரைக்கும் கை. அந்தக் கை என் மேஜையில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தது. யார் எந்த ஊருக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று பின்னாலிருப்பவர்களுக்கு வாசித்தும் காட்டினார்.

நான் சீட்டுகளைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. அவருக்கோ உண்மையாகவே மனத்தாங்கல். "நாங்க என்னம்மா திருடவா வந்தோம்? யார் யாருக்குப் பேசறாங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் பொழுது போகும், அவ்வளவுதானே!"

ஞாயிற்றுக்கிழமை டிபன்

காது மந்தமான ஒரு பெரியவருக்குக் கோயம்புத்தூர் கால் வந்தது. மகளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்கு இன்னும் மனசு வரவில்லை, இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லப் போகிறேன் என்று அவர் பெஞ்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கேபினுக்குள் போய் "ஹலோ, என்னங்க, கேக்கலீங்க" என்று இரண்டு தரம் கத்தினார். அவ்வளவுதான், உதவிக்கு மூன்று பேர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அதில் தொப்பி வைத்த ஓர் ஆசாமி ரிசீவரை வாங்கி, "ஹலோ! தாராளமா வாங்க! ஞாயித்துக்கிழமையே வாங்க! டிபன் ரெடியா இருக்கும்!" என்று முழங்கினார்.

பெரியவர் விழித்துக்கொண்டு நின்றார். நான் கவுண்டரை விட்டு ஓடிப்போய்த் தொப்பிக்காரரின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். தையல் விட்டுப்போயிற்று. மாட்டிக்கொண்ட பெரியவர் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. சட்டை கிழிந்தவர்தான் சொன்னார்.

ஹெட் கிளார்க் சீனப்பா கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மேலிடம் என்றால் நடுங்குவார். என்னைத் தனியே கூப்பிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "நோடம்மா, ஜனங்க அப்படித்தான். இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா உன்னை வெச்சுக்க என்னால ஆகாது. அப்புறம் என்கிட்ட அழக் கூடாது."

மடியில் வந்த பார்சல்

அந்த எச்சரிக்கைக்குப் பிறகு நான் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். யார் தலையை நீட்டினாலும் சிரித்தேன். ஒருநாள் சேலம் கால் என்று கூவிய உடனே ஓர் அம்மாள் எழுந்தாள், இடுப்பிலிருந்த குழந்தையை ஜன்னல் வழியாக என் மடியில் இறக்கினாள், கேபினுக்கு ஓடிவிட்டாள். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கியது. பின்னாலிருந்தவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த கனமான பையைத் தூக்கி ஜன்னலில் வைத்தார். "இதையும் அப்படியே உள்ள வெச்சுக்கறீங்களா? நான் போய் ஒரு காபி குடிச்சுட்டு வந்துடறேன்."

தங்கவயல் கால்

அஞ்சலை வந்தது அதற்கடுத்த வாரம். நீலசந்திராக்காரி, என் வயதுதான் இருக்கும். கோலார் தங்கவயலில் இருக்கும் அண்ணன் மாணிக்கத்துக்குப் பேச வேண்டும் என்றாள். அவன் வீட்டருகே ஒரு மளிகைக் கடையில் போன் இருந்தது; கடைக்காரர் ஆள் அனுப்பி அவனைக் கூட்டி வந்ததும் லைன் வரும். முன்பணம் தர அவள் நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பெல்ட் தடம். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அண்ணன் நாளைக்கு காலைலயே வரணும்மா" என்று மெதுவாகச் சொன்னாள். "அவரு மில்லுக்குப் போனப்புறம் வந்து என்னையும் கொழந்தையையும் கூட்டிக்கினு போயிடணும். தனியா கெளம்பினா மாமியா கொழந்தைய குடுக்காது. முன்னாடியே தெரிஞ்சுதுன்னா என்னை உள்ள வெச்சு பூட்டிடுவாரு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து சற்று நேரம் ஆகியிருக்கும். தந்தி கவுண்டரிலிருந்து திரும்பிய ஒருவன், "அட, அஞ்சலையா? இங்க என்னா வேலை?" என்று அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். பக்கத்திலே என்றால், அவள் நகர நகர அவனும் நகர்ந்தான். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, விசாரிக்க வந்தேன் என்றாள் அவள். பிறகு எதையோ கேட்பதுபோல் ஜன்னலுக்கு வந்தாள். அவன் யாரென்று கிசுகிசுத்தாள். அவன் பெயர் கோவிந்தன், பக்கத்து வீடு, புருஷனோடு தினமும் சீட்டாடுகிறவன்.

அவனை வெளியே போகச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொன்னால் அவனுக்குச் சந்தேகம் வரும், எனக்குக் கம்ப்ளைண்ட் வரும். கேபினுக்கோ தாழ்ப்பாள் இல்லை. அப்போது அவன் பெஞ்சிலிருந்தபடியே ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னான்: "பயப்படாத அஞ்சல, நானும் உள்ள வரேன். உனக்கு போன்ல பேசி ஏது பழக்கம்?"

ரிசீவர் மாறிய கை

நான் சீட்டில் ஏதோ திருத்துவதுபோல் குனிந்துகொண்டு அவளிடம் சொன்னேன்: "கூப்பிட்டதும் கேபினுக்குப் போ. லைன்ல சத்தமே இருக்காது. இருந்தாலும் பேசு. உடம்பு எப்படி இருக்கு, மருந்து சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டே இரு. உன் விஷயத்தை நான் இங்கிருந்து சொல்றேன்." யாரென்றே தெரியாத ஒருத்தியை நம்பிப் பிழைக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு. தலையை ஆட்டினாள்.

மணி அடித்தது. "தங்கவயல், அஞ்சலை!" என்று கூவினேன், குமிழைத் திருப்பவில்லை. அவள் உள்ளே போனாள். கோவிந்தன் கதவில் தோளைக் கொடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் வழக்கம்போல் இன்னும் நாலு பேர். நாள் முழுக்கப் போனில் பேசுகிறவள் என்பதால் என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மாணிக்கத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "நீ யாரும்மா? எந் தங்கச்சி எங்க?" என்றான். பெல்ட் தடத்தைச் சொன்னேன். "காலைல மொத வண்டில வரேன்" என்றான். கேபினில் அஞ்சலை செத்த ரிசீவரிடம், "கஞ்சி குடிச்சியாண்ணே? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கோவிந்தன் கேபினுக்குள் ஏறினான். "குடு, நானும் ரெண்டு வார்த்தை விசாரிக்கிறேன்" என்று ரிசீவரில் கை வைத்தான். "ஒரு ஆள் பேசுவான், உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கு, இப்ப தேவலைன்னு மட்டும் சொல்லு" என்று மாணிக்கத்திடம் அவசரமாகச் சொல்லிக் குமிழைத் திருப்பினேன். சீனப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார்.

கோவிந்தன் ஆசை தீரப் பேசினான். கஷாயத்துக்கு வழி சொன்னான். வியர்த்துப்போய் வெளியே வந்து, என் ஜன்னலில் முழங்கையை ஊன்றிப் பெருமையோடு சொன்னான்: "நல்லவேளை நான் இருந்தேன் மிஸ். இந்தப் பொண்ணு கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கினு நின்னுது."

சாட்சி

இரண்டு நாள் கழித்து அஞ்சலையின் புருஷன் வந்தான், கோவிந்தனையும் கூட்டிக்கொண்டு. அவள் போய்விட்டாள் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட நேரமில்லை. புருஷன் தலையை ஜன்னலுக்குள் முழுசாக நுழைத்தான். காலையிலேயே சாராய வாடை. "எந்தப் போன்லடி அவளைப் பேச வுட்டே?" என்றான். நாற்காலியைப் பின்னால் தள்ள இடமில்லை, சுவர். ஹாலில் அத்தனை பேர் இருந்தார்கள். எல்லோரும் நன்றாகக் கேட்பதற்காகக் கிட்டே வந்தார்களே தவிர ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. "எழுதிக் குடுக்கறேன், உன் வேலை போவுதா இல்லையா பாரு" என்றான். படுத்திருக்கும் அப்பாவின் முகம் என் கண்முன் வந்தது.

சீனப்பா எழுந்து வந்தார். ஓர் அதட்டலில் அவன் தலையை ஜன்னலிலிருந்து எடுக்க வைத்தார். பிறகு நிதானமாகக் காகிதம், மசிக்கூடு எல்லாம் எடுத்து வைத்து, "கம்ப்ளைண்ட்னா விவரம் வேணும். அன்னிக்கு போன்ல என்ன பேசினாங்க? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். கோவிந்தன் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தான். மொத்தப் பேச்சும் தன் காதால் கேட்டதாகவும், கேபினுக்குள்ளேயே நின்றதாகவும், கடைசியில் தானே அண்ணன்காரனிடம் பேசியதாகவும் சொன்னான். கஞ்சி, மருந்து, தூக்கம் தவிர வேறு பேச்சே இல்லை என்று அடித்துச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் புருஷன் அவனை, நீயும் இதற்கு உடந்தையா என்பதுபோல் திரும்பிப் பார்த்தான்.

சீனப்பா பேனாவைக் கீழே வைத்தார். "ஹௌதா, அப்படியா? இவரே கூட நின்னு கேட்டிருக்காரு, இவரே பேசியும் இருக்காரு, கஷாயம் தவிர ஒண்ணுமில்லன்னு இவரே சொல்றாரு. அப்புறம் எங்க ஆபீஸ் மேல என்னப்பா எழுதறது?"

அடுத்தவர் பேச்சுக்குள் மூக்கை நுழைக்கிறவர்களை வேலையில் இருந்தவரைக்கும் திட்டித் தீர்த்த எனக்கு, அந்த வேலையை நிலைக்க வைத்தது அப்படி நுழைந்த ஒரு மூக்குதான் என்பதைச் சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.