அட்டையில் இல்லாத மூன்று பேர்

எங்கள் சந்தில் மாடு வளர்ப்பவள் ஒருத்தி உண்டு. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால், ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லாத சந்து அது. அதில் மூன்று மாடுகளைக் கட்டி, பாதிப் பாலை டீக்கடைகளுக்கும் மீதியை எங்களைப் போன்ற வீடுகளுக்கும் ஊற்றுவாள். சாணியை மிதித்துவிட்டு அவளோடு நான் சண்டை போடாத வாரம் கிடையாது. பார்த்து நடக்கக் கூடாதா என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

கொரோனா ஊரடங்கில் டீக்கடைகள் மூடின. வீடுகளும் தொற்றுக்குப் பயந்து பாக்கெட் பாலுக்கு மாறின. விற்காத பாலை எத்தனை நாள்தான் தயிராக்குவாள்? வைக்கோல் வண்டி வரவில்லை. மாடுகள் சுவரொட்டியைக் கிழித்துத் தின்றன. மூன்றில் சிவப்பு மாடு நிறைசினை. அதைத்தான் ஒரு தரகர் கேட்டார், அடிமாட்டு விலைக்கு. புடவைக் கடையில் பேரம் பேசும்போது நான் சும்மா சொல்லும் அந்த வார்த்தைக்கு அன்றுதான் அர்த்தம் உறைத்தது. வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரேஷன் கடையில் நிவாரணப் பணமும் அரிசியும் கொடுத்தார்கள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் அவள் எனக்கு முன்னால் நின்றாள். விவசாயிகளுக்கு வங்கியில் தனியாகப் பணம் போடுகிறார்களாமே, உனக்கு இல்லையா என்று கேட்டேன். அதற்கு நிலம் வேண்டுமாம். மயிலாப்பூரில் நிலத்துக்கு எங்கே போவது என்று சிரித்தாள். கடைக்காரர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னாள்:

"ஆறு பேரு."

அட்டையில் மூன்று பேர்தானே என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாடுகளையும் சேர்த்து எண்ணிவிட்டாள் என்று புரிந்ததும் வரிசையே சிரித்தது. நானும்தான்.

ஆனால் அவள் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. பணத்தோடு நேரே மந்தைவெளிப் பக்கம் தீவனக் கடைக்குப் போய், அத்தனைக்கும் தவிடும் புண்ணாக்கும் வாங்கிவந்தாள். சமையலுக்கு எண்ணெய் இல்லை என்று அவள் புருஷன் தெருவே கேட்கக் கத்தினான். இவளுக்குப் பைத்தியம்தான் என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் தரகரின் குட்டியானை வண்டி சந்துக்குள் நுழைந்தது. சிவப்பு மாடு தவிட்டு வாளிக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"தின்னுகினு கீது நைனா. தின்னுகினு கீறதை எப்டி ஓட்டிவுடறது?"

முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். வாளி காலியாகும் முன்பே அவள் இன்னொரு படி கொட்டினாள். அதுவும் தீரப்போகையில் மறுபடி கொட்டினாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வண்டியைத் திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கம் கொடுத்தது சின்னத் தொகை. அதை வைத்து ஒருத்தி ஓர் உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாடு கன்று போட்டது. காலையில் கதவைத் தட்டிவிட்டு, முகக்கவசத்தோடு தள்ளி நின்றாள். வாசலில் ஒரு தூக்குவாளி. கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பால், மஞ்சளாக, கெட்டியாக. பாக்கெட் பாலுக்கு மாறிய வீடுகளையும் அவள் விடவில்லை. இருக்கிற நிலைமையில் இதையாவது விற்கக் கூடாதா என்று எனக்குக் கோபமே வந்தது. பணத்தை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சீம்பாலுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களாக்கா? கவர்மெண்டு மட்டும்தான் சும்மா குடுக்கணுமா, இன்னா?"

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். நீட்டிய நோட்டை மடக்கிக்கொண்டு, தூக்குவாளியை உள்ளே எடுத்துப் போனேன்.