ஆளில்லாத தீவில் அக்கா

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வாய்த்த முதல் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். புதிதாக வருகிறவர்களுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். டிவி ரிமோட்டைப் போல அதைத் திரைக்கு நேராக நீட்டுகிறவர்கள் எல்லாம் வருவார்கள். அவர்களுக்குக் கை பழகட்டும் என்று முதலாளி மதுரையிலிருந்து ஒரு கேம் சிடி வாங்கிவந்து போட்டிருந்தார்.

அதில் சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. ஒரு தீவு, அதில் ஆட்கள் எங்கோ போய்விட்ட வீடுகள். பாதி சாப்பிட்ட தட்டு அப்படியே கிடக்கும். கிளிக் செய்தால் படம் மாறும், நாம் ஓர் அடி நகர்ந்திருப்போம். தொடக்கூடிய பொருளின் மேல் போனால் அம்புக்குறி ஒரு சின்னக் கையாக மாறும். காற்றும் தண்ணீரும் தவிர வேறு சத்தமில்லை. எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போய்விட்டது. ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போன பிறகு இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அக்கா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சைப் பட்டையாக இழுத்துத் தருகிற மெஷினில் வேலை பார்த்தவள். உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சை எடுக்கப்போய் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மெஷினை நிறுத்தாமல் கையை விட்டது தன் தப்புதான் என்று மில்லில் நடந்த விசாரணையில் அவளே சொன்னாள். “எங்கேயோ பராக்குப் பாத்துக்கிட்டு வேல பாத்திருப்ப” என்று அப்பா ஆஸ்பத்திரியில் வைத்தே திட்டினார். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தால் ஆபீஸில் வேலை போட்டுத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் என்னோடு பஸ் ஏறினாள். பஸ்ஸில் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பாள்.

சென்டருக்குள் வந்தால்தான் கை வெளியே வரும். இடது கையால் மவுஸைப் பிடித்து, அந்தத் தீவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவாள். கதவைத் திறப்பாள், மூடுவாள், வந்த வழியே திரும்புவாள். எத்தனை தடவை தப்பாகத் தொட்டாலும் அந்த விளையாட்டு ஒன்றும் சொல்லாது.

“இந்த ஊர்ல வெரட்டி வேல வாங்க மேஸ்திரி கெடையாதுட்டி” என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து அப்போது மாதக்கணக்காகியிருந்தது.

பிறகு அந்தத் தீவில் ஒரு மில் வந்தது. தண்ணீரில் சுழலும் பெரிய சக்கரம், அதன் பின்னால் ஒரு இரும்புச் சாவி தொங்கியது. அது இல்லாமல் மேலே போக முடியாது. அக்கா முதலில் சக்கரத்தை நிறுத்துவாள். நிறுத்தியதும் ஒரு தகடு இறங்கிச் சாவியை மறைத்துவிடும். மறுபடி ஓடவிடுவாள், மறுபடி நிறுத்துவாள். அதற்குமேல் போகவே இல்லை. எனக்குப் பொறுமை போய், நானே மவுஸை வாங்கி ஓடுகிற சக்கரத்தின் மேல் வைத்தேன். அம்புக்குறி கையாக மாறியது.

“ஓடும்போதே எடுக்கணும்க்கா. அவ்வளவுதான்.”

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “நிறுத்திட்டு எடுக்க வழியே இல்லையாட்டி?”

“இல்லக்கா. இது வெறும் படம்தான, தொடு.”

அவள் தொடவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “அன்னைக்கும் நிறுத்த விடலட்டி. நான் சுவிட்சுக்கிட்ட போனேன். ‘நிறுத்துனா புரொடக்‌ஷன் போயிரும், அப்படியே பிடுங்கு’ன்னு மேஸ்திரி கத்துனாரு. பிடுங்குனேன்.”

“பொறவு எதுக்கு விசாரணைல ஒன் தப்புன்னு சொன்ன?”

“அப்படிச் சொல்லிட்டா ஆபீஸ்ல வேல தாரேன்னு மேனேஜர் சொன்னாரு. அப்பாட்ட சொல்லிராத. மில்லுல போயி சண்ட போடுவாக, இந்த வேலையும் இல்லன்னு ஆயிரும்.”

அவளை அறையலாம் போலவும் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. பக்கத்து மேஜையில் ஆள் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கையால் கிளிக் செய்தாள். சாவி வந்துவிட்டது. சக்கரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கேமை அவள் அதற்கு மேல் ஆடவில்லை. டைப்பிங்கில் இறங்கினாள். மிச்சமிருந்த விரல்களை வைத்துக்கொண்டு, எனக்கே பொறாமை வருகிற வேகத்துக்கு வந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அப்பாவிடம் மூச்சுவிடவில்லை.

ஒரு திங்கட்கிழமை கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, அந்த ஆபீஸ் வேலையைக் கேட்டு மில்லுக்குப் போனாள். அன்றைக்கு நான் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே திரும்பி வந்தவள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

“என்னக்கா ஆச்சு?”

“அதே மேனேஜர்தான் இருந்தாரு. ‘ஓடுற மெஷின்ல கைய விடுற பொண்ணு நீ. அம்புட்டு வெல போட்டு வாங்குன கம்ப்யூட்டர ஒன்ன நம்பி எப்படிம்மா குடுக்குறது?’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? விசாரணைல நான் சொன்னதத்தான அவரு சொல்லுதாரு.”