கார்டை வைத்தால் மறையும் கோடு

சிவாஜிநகர் ஜெராக்ஸ் கடையில் அக்காவின் இறப்புச் சான்றிதழை மெஷினில் வைத்ததும் அந்த வாசனை வந்தது. இடி மின்னலுக்குப் பிறகு வருமே, மூக்கைக் கிள்ளுகிற மாதிரி, அதுதான். கடைக்காரர் "எத்தனை காப்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மனசுக்குள் அக்கா ஆராய்ச்சி செய்த லேபில் இருந்தேன்.

அந்த லேப் முழுக்க இதே வாசனை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனவள் நான். ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுன் வீட்டிலிருந்து சிக்கன் வறுவல் பார்சலோடு அங்கே போய் நிற்பேன். கண்ணாடிக் குழாயில் நைட்ரஜன் வாயு. கரண்ட் விட்டால் ரோஜாவும் ஊதாவும் கலந்து எரியும்.

"கரண்ட் பட்ட மூலக்கூறெல்லாம் துடிப்பா நிக்கும்டீ. லேசர் ஒரு தட்டு தட்டினா எலக்ட்ரான் தெறிச்சு ஓடிடும்" என்பாள் அக்கா.

"தண்ணி லாரி வந்ததும் குடத்தோட நிக்கிற நம்ம தெரு பொம்பளைங்க மாதிரியா?"

"அதேதான்!"

ஆனால் ஒரு ஞாயிறு அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கு லேசர் வேற குரூப்புக்குப் போயிடும். இன்னிக்கு எலக்ட்ரான் தெறிக்கிற சிக்னல் திரையில வரலேன்னா கைடு சார் என் ஆராய்ச்சி சப்ஜெக்டையே மாத்திடுவாரு."

திடீரென்று திரையில் ஒரு கோடு எழும்பியது. நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. "லேசருக்குக் குறுக்கே அந்தக் கறுப்புக் கார்டை வை." வைத்தேன். கோடு அப்படியே நின்றது. லேசரை மறைத்தும் வருகிறதென்றால் அது பொய்.

"சே! லேசர் மெஷின் கரண்ட்டு சிக்னல் ஒயர்ல ஏறி வருது. பேஜார்!"

அந்த ஒயரை உற்றுப் பார்த்தாள். பிறகு என் பார்சலைப் பிடுங்கி, வறுவலைத் தட்டில் கொட்டி, அதைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளைத் துடைத்து ஒயருக்குக் கவசமாகச் சுற்றினாள். "ஏய், என் சிக்கன்!" என்றேன். யார் கேட்டது? பொய்க்கோடு செத்துப்போனது. லேசரின் நிறத்தைத் துளித்துளியாக மாற்றினாள். வெறும் திரை. வெறும் திரை. பிறகு, ஊசி மாதிரி ஒன்று எழுந்தது.

"கார்டு வை!"

மறைந்தது.

"எடு!"

வந்தது.

"வை! எடு! சக்கத்தா இருக்குடீ, சூப்பரு!" அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அவள் கையெல்லாம் மிளகாய் எண்ணெய். அதற்கப்புறம் அவளை யாரும் சப்ஜெக்ட் மாற்றச் சொல்லவில்லை. டாக்டர் பட்டம் வாங்கிய அன்று தெருவே பட்டாசு வெடித்தது.

அந்த லேபில் இப்போது கம்ப்யூட்டர்கள்தானாம். குழாய் இல்லை, வாசனை இல்லை. அக்காவும் இல்லை. ஆனால் அன்று வந்தது நிஜம். கார்டு வைத்துப் பார்த்துவிட்டோம்.