ஈற்றடியில் சேர்ந்த சொல்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலைக்குப் பகல் ஷிப்டுக்குக் கிளம்பிய என் கணவர், பைபாஸில் லாரி மோதி வழியிலேயே போய்விட்டார். துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை.

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருமுனையில் பேனர் கட்டுவார்கள். போட்டோவுக்குக் கீழே நாலு வரி இருக்கும். "பேனர் கடைக்காரன் லைன் நமக்கு எதுக்கு அண்ணி? நீங்க தமிழ் டீச்சராச்சே, நீங்களே எழுதுங்க" என்றார் என் கொழுந்தனார்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு நான் கடைசியாகச் செய்யப்போவது இது ஒன்றுதான், இதிலாவது ஒரு பிழையும் இருக்கக் கூடாது. வெண்பாதான் என்று முடிவு செய்தேன். வீடே அழுதுகொண்டிருக்க, நான் விரல்விட்டு அசை எண்ணிக்கொண்டிருந்தேன். எதுகைக்குச் சொல் தேடினேன். தளை தட்டினால் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று ஓர் உறவுக்காரம்மா என் காதுபடவே சொன்னார். சொல்லட்டும். வெண்பாவில் மற்ற அடிகளுக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மட்டும் மூன்று. "பாதியில் போன பகல்" என்று முடித்தேன். அலகிட்டுப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

காரியத்தன்று காலையில் பேனரைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. "பாதியில் போன பகல் வாராயோ!" என்று இருந்தது. அச்சடித்த கடைக்காரரே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "யாருய்யா இதைச் சேர்த்தது?" என்று தெருவென்றும் பாராமல் கத்தினேன்.

மனுஷர் மிரண்டுவிட்டார். "இன்னாக்கா, மத்த லைன்லாம் முழுசா கீது, கடைசி லைன் மட்டும் மொட்டையா நின்னுச்சு. அழுதுகினே எழுதுனதுல ஒரு வார்த்தைய உட்டுட்டீங்கன்னு நான்தான் போட்டேன். எல்லா பேனருக்கும் போடுறதுதான்க்கா."

ஊரில் எல்லாச் சுவரிலும் பார்த்து நான் முகம் சுளித்த சொல்தான் அது. கிழித்தெறியத்தான் கிட்டே போனேன். போனவள் என்னையறியாமல் அந்த அடியை வாய்விட்டுப் படித்துவிட்டேன். அவ்வளவுதான், தெருமண்ணிலேயே உட்கார்ந்து அலறினேன். நான் எழுதிய நாலு அடியில் ஓரிடத்திலும் அவரைக் கூப்பிடவே இல்லை.

இன்றும் வகுப்பில் வெண்பா நடத்துகிறேன். ஈற்றடியின் மூன்று சீரையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையை எடுக்கும்போதெல்லாம், நாலாவதாக அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். எத்தனை முறை கூப்பிட்டாலும் அவர் வரப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்லிக்கொள்கிறேன்.