தவக்கால வெள்ளியில் ஓர் உஸ்பெக் விருந்து

என் கணவர் அந்த உணவகத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. மகள் ஓர் உஸ்பெக் பொடியனைக் கட்டப்போவதாகச் சொல்லி ஒரு வருடமாகியிருந்தது. பொடியனின் தாய் சமர்கண்டிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்திருந்தார். எங்களோடு ஒரு நேரம் இருந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டார். நியாயமான ஆசை. ஆனால் என் மனுசனுக்கு அதில் ஒரே கவலைதான்: தமிழர் ஒருவரும் கண்டுவிடக் கூடாது.

ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே விருந்து வைக்கலாமே என்றேன்.

"உனக்கென்ன விசரா? மேல்வீட்டில தமிழ், கீழ்வீட்டில தமிழ். சம்பந்தி படியேறி முடிக்க முதல் கனடாவில இருக்கிற சொந்தத்துக்குச் செய்தி போயிடும்."

"போகட்டுமேன். பிள்ளை என்ன களவெடுத்தவளோ?"

"எல்லாருக்கும் சொல்லத்தான் போறன். நேரம் வரட்டும்."

அந்த நேரம் ஒரு வருடமாக வந்துகொண்டே இருந்தது. மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அம்மா, அவன்ர அம்மா திரும்பிப் போக முதல், ஒரு ஆளுக்கெண்டாலும் அப்பா அவனை மருமகன் எண்டு சொல்லுவாரோ?"

மனுசன் இணையமெல்லாம் துழாவி, நகரின் மேற்குப் பக்கத்தில், எங்கள் சனம் கால்வைக்காத தெருவொன்றில், ஒரு மத்திய ஆசிய ஹலால் உணவகத்தைக் கண்டுபிடித்தார். நாளும் குறித்தார்: தவக்கால வெள்ளிக்கிழமை. "எங்கட கோயில் சனமெல்லாம் சிலுவைப்பாதைச் செபத்தில நிப்பினம். இறைச்சி விக்கிற கடைப்பக்கம் ஒரு கத்தோலிக்கனும் தலைவைச்சும் படுக்கமாட்டான்" என்றார். இந்த மூளையை நல்ல காரியம் ஒன்றுக்குச் செலவழித்திருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

சுவரெல்லாம் கம்பளம் தொங்கிய இடம். வட்ட ரொட்டி வந்ததும் பொடியனின் தாய் அதைக் கையால் பிய்த்து முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினார். எனக்கு அன்று இறைச்சி தொடாத சுத்தபோசனம், ஆகவே பூசணிக்காய் வைத்த சம்சா. மனுசனோ, விருந்தாளி மனம் நோகக் கூடாதென்று தமக்குத் தாமே விலக்கு அளித்துக்கொண்டு ஆட்டிறைச்சிச் சோற்றில் இறங்கினார். "எங்கட புரியாணிதான். உறைப்பு மட்டும் இல்லை" என்று என் காதுக்குள் தீர்ப்பும் சொன்னார்.

அப்போதுதான் தூணுக்கு அப்பாலிருந்த மேசையைக் கண்டேன். எங்கள் செபக்குழுத் தலைவி அக்கா! தவக்காலத்தில் முட்டையையும் விடுங்கோ என்று எங்களுக்கு உபதேசம் செய்தவர். முழங்கால் நோ, இன்றைக்குச் சிலுவைப்பாதைக்கு வரமுடியாது என்று காலையில் குழுவுக்குக் குரல்பதிவு போட்டவர். முழங்கால்கள் மேசைக்குக் கீழே சுகமாக இருந்தன. கையில் கம்பியோடு சுட்ட ஆட்டிறைச்சி.

என்னைக் கண்டதும் கம்பி சலாட்டுக்குள் புதைந்தது. ஒளிய இடமில்லாமல் அக்கா எழும்பி எங்களிடமே வந்தார்.

"நான் சும்மா... பிறந்தநாளுக்கு இடம் பாக்க வந்தனான்" என்றார், ஒருவரும் கேளாமலே. உதட்டில் கொழுப்பு மினுங்கியது. பிறகு எங்கள் மேசையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். "இவை ஆர்?"

என் மனுசன் கள்ள முழி முழித்தார். "இவை... மகளின்ர வேலையிடத்து ஆக்கள்."

பொடியனின் தாய்க்குத் தமிழ் விளங்காது. எங்கள் சொந்தம் யாரோ என்று நினைத்து எழுந்து, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். என்ன கதைத்தார்கள் என்று மகனைக் கேட்டார். மகன் என் மகளைக் கேட்டான். அவள் பீங்கான் தட்டை நோக்கி முகத்தைக் குனிந்துகொண்டாள். ஐயோ, அந்த முகம்!

"அக்கா, இந்த மனுசன் விசர்க்கதை கதைக்குது" என்றேன். "இவர் எங்கட மருமகன். இவ எங்கட சம்பந்தி."

மனுசனுக்குப் புரைக்கேறியது. அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிய மனது பண்ணி என் தோளைத் தட்டினார்.

"பயப்பிடாதேங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"சொல்லுங்கோ அக்கா. எல்லாருக்கும் சொல்லுங்கோ. எங்கை வைச்சுக் கண்டனீங்கள் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அக்கா திரும்பிப் பாராமல் போனார். மகள் பீங்கானிலிருந்து முகத்தை எடுத்தாள். அம்மா உன்னை மருமகன் என்று சொன்னார் என்று பொடியனுக்கு நோர்வேஜியத்தில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அழுகை வந்து சொல்ல விடவில்லை.